துறைக்காரனின் பதினெட்டாம் கட்டுரை

1821 மார்ச் 9, வெள்ளிக்கிழமை. நியூயார்க் மாகாணத்தின் கிங்ஸ்டன் ஊரில், முன்னாள் நீதிபதி எவர்ட் வான் டீசனுக்குப் பேச்சு நின்று மூன்று நாட்கள் ஆகியிருந்தன.

ஹில்லெகொண்ட் ஈரத்துணியால் அப்பாவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இடது பக்க வாய் கோணியிருந்தது. தண்ணீர் உள்ளே போகாமல் தாடையில் வழிந்தது. படுக்கையின் காலடியில் பழைய பத்திரிகைகள் பரவிக் கிடந்தன. முப்பத்து மூன்று வருடத்துக்கு முந்தைய தாள்கள். மடிப்புகளில் கிழிந்திருந்தன.

தம்பி கோபஸ் பூட்ஸில் சேற்றோடு ஏறி வந்தான்.

"சாவு கேக்குக்குச் சொல்லிட்டேன்க்கா. நூத்தைம்பது."

"மூச்சு ஓடிட்டிருக்கும்போதேவா?"

"கேக் மேல பதிக்க அப்பா பேரு எழுத்தை அச்சு வெட்டணுமில்ல? மூணு நாள் ஆகும்ங்கிறான். சாவு வீட்டுல கேக் இல்லாம வந்தவங்களை அனுப்பினா ஊரு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கும்." அவன் தரையைப் பார்த்தான். "இதென்ன, வீடெல்லாம் குப்பை?"

அவள் மடியிலிருந்த கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். நேற்று மாலை நியூபர்க்கிலிருந்து வந்தது. ஓபடையா ஸ்டரில் எழுதியது.

புதிய அரசியல் சட்டத்தை மாகாணம் ஏற்பதா வேண்டாமா என்று சண்டை நடந்த 1788இல், 'துறைக்காரன்' என்ற புனைபெயரில் பத்திரிகையில் வந்த கட்டுரைகளை எழுதியவர்கள் இருவர்: எவர்ட், ஓபடையா. ஒருவர் சாகும் தறுவாய்க்கு வரும்வரை எது யாருடையது என்று சொல்வதில்லை என்பது அவர்களுக்குள் பேச்சு. ஜனவரியில் அப்பா கண் மங்கிய நிலையில் பட்டியலைச் சொல்ல, ஹில்லெகொண்ட் எழுதினாள். போன வாரம் புதன்கிழமை அது அச்சில் வந்தது.

கோபஸ் கடிதத்தை வாய்விட்டுப் படித்தான். "நீதிபதிகளைப் பற்றிய பதினெட்டாம் கட்டுரையை நான் எழுதினேன் என்பது எவர்ட்டுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வருகிறேன். அந்தப் பட்டியலை அவன் வாயால் மறுக்காவிட்டால் அவன் பொய்யன் என்று அச்சிடுவேன்." கடிதத்தை மடித்தான். "கிழவனுக்குப் பொறாமை. அப்பாவை ஜட்ஜ் ஆக்கினதே அந்தக் கட்டுரைதான். ஊருக்கே தெரியும்."

"கோபஸ், பட்டியல் தப்பு."

"என்ன?"

"நான் தப்பா எழுதிட்டேன்."

அவள் தரையிலிருந்த பத்திரிகைகளைக் காட்டினாள். அப்பா இருபத்து மூன்றுவரை சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். அந்தக் கட்டுரைகளைத் தொகுத்துப் பின்னால் வந்த புத்தகம் ஒன்று வீட்டிலிருந்தது; அதில் இருபத்து நான்கு. கடைசியை மறந்துவிட்டார் என்று நினைத்து, இருபத்து நான்குக்கு எதிரே அப்பா பெயரை அவளே எழுதினாள். தலைப்பில் 'புத்தக எண்களின்படி' என்றும் சேர்த்தாள். எழுப்பிக் கேட்கவில்லை. இன்று விடிந்ததும் பத்திரிகைகளை எண்ணினாள். அவற்றில் இருபத்து மூன்றுதான். நீளமான ஒன்பதாவதைப் புத்தகம் போட்டவர்கள் இரண்டாக வெட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு எல்லா எண்ணும் ஒன்று தள்ளிப்போயிருந்தது.

"அப்பா பத்திரிகை நம்பரைச் சொன்னாரு. பதினேழு ஓபடையா, பதினெட்டு நான்னாரு. நீதிபதிகள் கட்டுரை பத்திரிகையில பதினேழு. புத்தகத்துல பதினெட்டு."

கோபஸ் கதவைச் சாத்தினான்.

"அப்போ அது அந்தக் கிழவனோடதா?"

"அவரோடது. அப்பாவே சொல்லிட்டாரு."

"நீ வாயைத் திறக்காத. அந்தக் கட்டுரையை நம்பித்தான் என் வக்கீல் ஆபீஸுக்கு ஆள் வர்றாங்க. வான் டீசன் மகன்னு வர்றாங்க. அப்பா போகப்போறாரு, அந்தாளும் எத்தனை நாள் இருப்பாரு?"

அப்பாவின் வலது கை போர்வை மேல் அசைந்தது. ஹில்லெகொண்ட் குனிந்தாள். "அப்பா, பத்திரிகை நம்பர்தானே? ஆமான்னா கையை அழுத்துங்க." அழுத்தினார். "புத்தக நம்பரா?" அதற்கும் அழுத்தினார்.

கீழே வண்டிச் சத்தம் கேட்டது.

ஸ்டரிலுக்கு எழுபத்தெட்டு வயது. மேலங்கியைக் கழற்றாமல் கூடத்தில் நின்றார். அதன் பையிலிருந்து ஒரு தாளின் முனை வெளியே தெரிந்தது.

"எங்கே அவன்?"

"பேச்சு நின்னுடுச்சுய்யா. மூணு நாளாச்சு."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "நல்ல நேரம் பார்த்தான் பாரு. வக்கீலா இருந்தப்பவே, வழக்குல தோக்கிற மாதிரி இருந்தா இருமலுன்னு வாய்தா வாங்குவான்." சிரிக்க முயன்று விட்டுவிட்டார். "முப்பது வருஷமா ஊரு அவன் எழுதினதுன்னு பேசிச்சு. அவனும் தலையை ஆட்டிட்டு உக்காந்திருந்தான். பொறுத்துக்கிட்டேன். அவனே எழுதிக் குடுத்ததைத்தான் பொறுக்க முடியல, ஹில்லா."

மாடிப்படியில் கோபஸ் நிற்பதை அவள் பார்த்தாள். இவர் அச்சுக்கு எழுதி வைத்திருக்கும் அந்தத் தாளோடு திரும்பிப் போனால் அப்பா திருடனாகப் புதைக்கப்படுவார். சொன்னாலோ, நீதிபதி என்ற பெயருக்குக் கீழே ஒன்றும் மிஞ்சாது.

"அவர் எழுதிக் குடுக்கல. நான் எழுதினேன்."

நடந்ததைச் சொல்லி முடித்தாள். பத்திரிகைகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஸ்டரில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்பதாவதை நெடுநேரம் பார்த்தார். விரலால் எண்ணினார்.

"இருபத்து மூணுன்னா சொன்னான்?"

"ஆமாய்யா."

"பதினேழு என் பேருல?"

"ஆமா, உங்க பேருலதான் சொன்னாரு. அதைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தினாரு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பையிலிருந்த தாளை எடுத்து நான்காக மடித்து அடுப்பில் போட்டார்.

"விட்டுடு, பொண்ணே. எனக்குத் தெரிஞ்சா போதும். நானும் பத்திரிகைக்கு எழுதப் போறதில்ல, நீயும் எழுதாத. அவன் பேரோட போகட்டும்."

மேலே கோபஸின் முகம் தளர்ந்தது. அவன் திரும்பி அறைக்குள் போனான். சற்று நேரத்தில், "அக்கா," என்றான். உரக்கக் கூப்பிடவில்லை.

அவள் ஏறிப்போனபோது மூச்சு நின்றிருந்தது; அப்பாவின் வலது கை போர்வைக்கு வெளியே மல்லாந்து கிடந்தது. சாவு வீட்டு வழக்கப்படி கடிகாரத்தை நிறுத்த வேண்டும் என்று கோபஸ் சொன்னான். இருவரில் யாரும் அசையவில்லை. ஸ்டரில் படி ஏற முடியாமல், பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை அடக்கம் நடந்தது. பெட்டியைத் தூக்கிய எட்டுப் பேருக்கும் வழக்கப்படி வெள்ளிக் கரண்டி தரப்பட்டது. முதுமையால் தூக்க முடியாத ஸ்டரில் பெட்டிக்குப் பின்னால் நடந்தார். நீதிபதிகள் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்று முதலில் எழுதிய கை இது என்று போதகர் பிரசங்கத்தில் சொன்னார். ஹில்லெகொண்ட் தலை நிமிரவில்லை.

மார்ச் 21ஆம் தேதிப் பத்திரிகையில், மூன்றாம் பக்கத்தில், திருத்திய பட்டியல் வெளிவந்தது. புத்தகத்தின் பதினெட்டாம் எண்ணுக்கு எதிரே ஓபடையா ஸ்டரில் பெயர் இருந்தது. முந்தைய பட்டியலின் பிழை தன்னுடையது, தந்தையுடையதல்ல என்று அடியில் ஹில்லெகொண்ட் வான் டீசன் கையெழுத்திட்டிருந்தாள். மே மாதம் கோபஸ் அலுவலகத்தை ஆல்பனிக்கு மாற்றிக்கொண்டான்.