காவல் காத்த பள்ளிக்கூடம்

பள்ளிக்கூட முற்றத்தில் கல் வைத்து அடுப்பு மூட்டி, மார்கிறட் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். மழை விட்டிருந்தாலும் விறகு ஈரம். புகை கண்ணைக் கரித்தது. வகுப்பறைகளுக்குள் ஊர்ப் பெண்கள் பாய் விரித்துக் குந்தியிருந்தார்கள்.

அது 1960 மார்கழி. கத்தோலிக்க மிசன் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பேற்கப் போகிறது என்ற செய்தி முல்லைத்தீவுக் கரையைக் கலக்கியிருந்தது. கோயிலோடு சேர்ந்த பள்ளிக்கூடத்தை விடமாட்டோம் என்று பெற்றோர் உள்ளே புகுந்து இருந்துவிட்டார்கள். முன்னுக்கு நின்றவர் சம்மாட்டி அல்பேர்ட். கரையில் கிடந்த வலையும் வள்ளமும் பெரும்பாலும் அவருடையவை. கடல் கொந்தளிக்கிற காலம். ஆண்கள் கரைக்கு உள்ளே அலையில்லாத களப்பில் இறாலுக்குப் போய்விட, காவல் பெண்களின் தலையில் விழுந்தது. "இது எங்கட பள்ளிக்கூடம்" என்று அவர் கூட்டத்தில் முழங்கியபோது மார்கிறட்டும் கை தட்டினாள். பிறகு நினைத்துப் பார்த்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அவளுடைய மகள் யூலிற்றாவைப் போன வருடம் வாசலோடு திருப்பி அனுப்பியது இதே பள்ளிக்கூடம்தான். விடியற்காலையில் கரையில் அல்பேர்ட் போட்டிருந்த மீன் கொட்டிலான வாடியில் தாயோடு இருந்து மீன் வெட்டி, உப்பிட்டுக் கருவாட்டுக்குப் போட்டுவிட்டு ஓடிவருகிற பிள்ளை. மீன் நாற்றம் தாங்க முடியவில்லை என்று மற்றப் பெற்றோர் முறையிட்டார்களாம். குளித்து, மாற்றுச் சட்டையோடு வரட்டும் என்றார் கிறகோரி வாத்தியார். மாற்றுச் சட்டைக்கு அவள் எங்கே போவாள்? வாடிப் பிள்ளைகள் வேறு சிலரும் அப்படியே நின்றுபோனார்கள். அந்த மீனை விற்ற காசில் கல்வீடு கட்டிய அல்பேர்ட்டின் பிள்ளைகள் மட்டும் முன் வரிசை வாங்கில் இருந்து படித்தார்கள். காசு நாறவில்லை போலும்.

இப்போது வகுப்புகள் நின்றதால் பிள்ளைகள் சும்மா அலைந்தார்கள். பெண்கள் கேட்டுக்கொண்டதால் கிறகோரி வாத்தியார் பாயிலேயே இருந்து பாடம் சொல்லத் தொடங்கினார். மணி அடிக்கவில்லை. ஒருவருடைய சட்டையையும் ஒருவரும் பார்க்கவில்லை. கஞ்சிக்கு வந்த வாடிப் பிள்ளைகள் மெல்ல உள்ளே நுழைந்தார்கள். தாய்மார் சிலரும் சிலேட்டை வாங்கித் தங்கள் பெயரை எழுதிப் பார்த்துச் சிரித்தார்கள். யூலிற்றா மறந்துபோன எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, உரத்து வாசித்தாள்.

அந்த நேரம் பார்த்து அல்பேர்ட் வந்தார்.

"வாத்தியார், வாடிப் பிள்ளையளை ஆர் உள்ள விட்டது? நாளைக்குப் பெரிய இடத்து ஆக்கள் பாக்க வருகினம். இதுகளை வெளியில அனுப்புங்கோ."

வாத்தியார் தலையைக் குனிந்தார். யூலிற்றா எழுந்து வாசலை நோக்கி நடந்தாள். யாரும் தொட்டுத் தள்ளாமலே பிள்ளை அப்படிப் போனதை அடுப்படியில் நின்ற மார்கிறட் பார்த்தாள். அகப்பையை எறிந்துவிட்டு வந்து மகளின் கையைப் பிடித்தாள்.

"இரடி பிள்ளை. சம்மாட்டியார், இவள் போனா நானும் போறன்."

"என்ன கதை கதைக்கிறாய் மார்கிறட்? நீங்கள் எழும்பினா அரசாங்கம் பள்ளிக்கூடத்தை எடுத்துப்போடும்."

"எடுக்கட்டும். என்ர பிள்ளையிட்டை இருந்து நீங்கள் போன வரியமே எடுத்துப்போட்டியள். அப்ப ஒருத்தரும் பாய் விரிச்சுக் காவலிருக்கேல்லை."

அவள் தன் பாயைச் சுருட்டினாள். பக்கத்தில் இருந்தவளும் சுருட்டினாள். பிறகு மூலையில் இருந்தவர்கள் எழுந்தார்கள். அல்பேர்ட் வாசல் படலையைப் பார்த்தார். காவலுக்கு நிறுத்த ஓர் ஆண்பிள்ளைகூட அங்கே இல்லை.

"சரி, சரி. இந்தப் போராட்டம் முடியுமட்டும் இருக்கட்டும்" என்று மென்று விழுங்கினார்.

"முடிஞ்ச பிறகும் இருப்பினம்" என்றார் கிறகோரி வாத்தியார். "இந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பினது நான்தான். இனி ஒரு பிள்ளையையும் அனுப்பமாட்டன். யூலிற்றா, முன்னுக்கு வந்திரம்மா."

பெண்கள் பாயை மறுபடி விரித்தார்கள். மார்கிறட்டுக்கு மட்டும் கோபம் ஆறவில்லை. அல்பேர்ட்டின் முகத்தை நேரே பார்த்துச் சொன்னாள்:

"கோயில் வச்சிருந்தாலும் சரி, அரசாங்கம் வச்சிருந்தாலும் சரி, ஒரு பிள்ளையை வாசலில மறிக்கிற பள்ளிக்கூடம் ஊருக்குச் சொந்தமில்லை, சம்மாட்டியார். எல்லாப் பிள்ளையும் உள்ள இருந்தாத்தான் நாங்களும் காவலிருப்பம்."