ஜெரால்டின் சாவி

விடிவதற்கு முன்பே வண்டிக்கு அடியில் படுத்துவிட்டேன். முதுகுக்குக் கீழே விரித்திருந்த சாக்கு மழை ஈரத்தில் ஊறியிருந்தது. எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் கிழிந்துவிட்டது. அதை மாற்ற ஒரு போல்ட்டைக் கழற்ற வேண்டும். நாகூருக்கும் சீர்காழிக்கும் அரிசி மூட்டை சுமந்து, உப்புக்காற்றையும் சேற்றையும் தின்ற போல்ட். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தேன். ஸ்பேனரை மாட்டி இழுத்தேன். அசையவில்லை. துரு உதிர்ந்து கண்ணில் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி இழுத்தேன்.

நேற்று மாலை இதே போல்ட்டைக் கழற்றும்போதுதான் என் மகன் ஜெரால்டின் விரல்கள் போயின. எஞ்சினைத் தூக்கி நிறுத்திய ஜாக்கி எங்கள் வாசல் களிமண்ணில் ஒரு பக்கமாக இறங்கியது. அடியில் பலகை வைத்திருந்தான். பலகையும் சேர்ந்து இறங்கியது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மருமகள் ஜாஸ்லின் உடன் இருக்கிறாள். நான் வாசலைக் கழுவிவிட்டேன். அழுகை வரவில்லை.

வலங்கைமான் பக்கத்து அரிசி மில்லில் அவன் வேன் டிரைவர். முன்பு மில்லிலேயே சிமெண்டுத் தரை போட்ட ஷெட் இருந்தது, மெக்கானிக்கும் இருந்தார். முதலாளி தங்கமணி ஷெட்டைக் குடோனாக்கினார். மெக்கானிக்கை வீட்டுக்கு அனுப்பினார். "இனி நீங்க தொழிலாளி இல்ல, காண்ட்ராக்ட்காரங்க. வண்டி உங்க வீட்லயே நிக்கட்டும், நீங்களே பாத்துக்குங்க" என்றார். இன்று காலை லோடு ஏறாவிட்டால் வண்டி வேறு ஆளுக்கு என்று சொல்லியனுப்பியிருந்தார்.

ஜெரால்டு தேறும்வரை நானே ஓட்டி அவன் வேலையைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தேன். அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் வீட்டில் ஏற்ற வேலையை யாரும் பாதியில் விட்டதில்லை. உதவி கேட்டு யார் வாசலிலும் நின்றதுமில்லை.

"பெரியவரே, வெளிய வாங்க. நாங்க பாக்கறோம்."

கண்ணுசாமியின் குரல். அதே மில்லில் டிரைவர். கூட யூனுஸ் வந்திருந்தான். அவன் மாற்று டிரைவர், தனக்கென்று வண்டி இல்லாதவன்.

"வேணாம். நானே கழட்டிடுவேன்."

"போல்ட்டு அப்படிச் சொல்லலையே" என்றான் யூனுஸ்.

கண்ணுசாமி என் பதிலுக்குக் காத்திராமல் பக்கத்தில் சேற்றிலேயே படுத்தார். கொண்டுவந்திருந்த இரும்புக் குழாயை ஸ்பேனர் பிடியில் சொருகினார்.

"ஜாக்கிக்கு அடியில என்ன வச்சிருக்கீங்க?"

"அம்மிக்கல்."

"ஜாஸ்லின் வந்தா உங்களைத்தான் அரைக்கும்" என்றான் வெளியிலிருந்து யூனுஸ். யாரும் சிரிக்கவில்லை.

இருவரும் குழாயைப் பிடித்து இழுத்தோம். சடக்கென்று ஒரு சத்தம். போல்ட் திரும்பியது.

புது ரப்பரை மாட்டி எஞ்சினை இறக்கியபோது வெயில் ஏறியிருந்தது. தங்கமணி பைக்கில் வந்து இறங்கினார்.

"ரெடியா? பரவாயில்லையே. பையன் எப்படி இருக்கான்?" பதிலைக் கேட்க அவர் நிற்கவில்லை. வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"அவன் வர்ற வரைக்கும் நான் ஓட்டறேன்" என்றேன்.

"இந்த வயசுல உங்களை ஏத்துனா இன்சூரன்ஸ்காரன் என்னைத்தான் பிடிப்பான், பெரியவரே." சட்டைப்பையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்தார். "யூனுஸ், இனிமே இது உன் வண்டி. எத்தனை நாளா கேட்டுக்கிட்டு இருந்த. பிடி."

மில் டிரைவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டியை ஓட்டியவன் தன் கையால் சாவியைக் கொடுத்தால்தான் அடுத்தவன் வாங்குவான். வேலையை விட்டு வளைகுடாவுக்குப் போகிறவன்கூடப் பெட்டியோடு வந்து சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவான்.

யூனுஸின் கை கொஞ்சம் எழுந்தது. பிறகு இறங்கியது.

"ஜெரால்டு அண்ணன் குடுக்கட்டும், மொதலாளி."

"அவன் எதை வச்சுடா குடுப்பான்?"

சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

கண்ணுசாமி முதுகில் அப்பிய சேற்றோடு முன்னால் வந்தார். "வைத்தியச் செலவை மில்லு ஏத்துக்கணும். ஷெட்டைத் திரும்பத் தெறக்கணும். அதுவரைக்கும் எந்த வண்டியும் லோடு ஏறாதுங்க. மத்த டிரைவருங்க மில்லு கேட்டுல நிக்கறாங்க."

"வடக்கேருந்து ஆளை எறக்கிருவேன்."

"எறக்குங்க. அவங்களும் இதே சேத்துலதானே படுக்கணும்? வந்ததும் நாங்களே சொல்லிருவோம்" என்றான் யூனுஸ்.

தங்கமணி சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு பைக்கை உதைத்தார்.

"நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க, பெரியவரே. இதை நாங்க பாத்துக்கறோம்" என்றார் கண்ணுசாமி.

எங்கள் குடும்பத்தில் யாரும் கூட்டத்தோடு போய் ஒரு முதலாளியின் கேட் முன்னால் நின்றதில்லை. அது கௌரவக் குறைவு என்று கேட்டு வளர்ந்தவன் நான். கைகளைக் கழுவினேன். எண்ணெய்க் கறை போகவில்லை. சலவைச் சட்டையைப் போட்டுக் கழுத்துவரை பொத்தானை மாட்டிக்கொண்டு அவர்களோடு நடந்தேன்.

மில் வாசலில் வேன்கள் எஞ்சின் அணைந்து நின்றன. டிரைவர்கள் கேட்டை மறித்து வரிசையாக நின்றார்கள். உள்ளே எந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆபீஸ் ஜன்னலில் தங்கமணி போனில் யாரிடமோ ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஜெரால்டு இருந்திருந்தா எங்க நின்னிருப்பான்?" என்று கேட்டேன்.

நடுவில் இருந்த ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். அங்கே போய் நின்றேன். இரண்டு பக்கமும் தோள்கள் இடித்தன. நான் விலகவில்லை.