மருந்து வண்டியின் முதல் நோயாளி

மிஷன் டாக்டரின் மருந்து வண்டி சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த கோரமண்டல் லைனுக்கு வர ஆரம்பித்து மூன்று வாரமாகியும் ஒரு ஈ காக்கை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு மாடு, மேலே கூண்டு, உள்ளே புட்டிகள், பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர். யார் போவார்கள்? முந்தின வருஷம் பிளேக் வந்தபோது இதே மாதிரி வண்டியில்தான் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்களில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான்.

வண்டியோடு வந்த, புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் ஏனோக்குக்கு மானமே போயிற்று. ஆஸ்பத்திரிக்கு வராத ஜனங்களிடம் நாமே போக வேண்டும் என்று டாக்டரை நச்சரித்து வண்டி கட்ட வைத்தவனே அவன்தான். கடைசியில் கங்கம்மாவின் வாசலில் வந்து நின்றான். லைனில் அவள் வாய்க்கு எதிர்வாய் கிடையாது. அவள் நல்லது என்று சொன்னால் நாலு பெண்கள் நம்புவார்கள்.

"நீ மொதல்ல வா கங்கம்மா. ஒன்னப் பாத்து மத்தவங்க வருவாங்க."

"எனக்கு இன்னா சாரே கேடு? கல்லுகுண்டாட்டம் கீறேன்," என்று அவனை விரட்டினாள்.

விரட்டினாளே தவிர, மனசு புருஷனிடம் போய்விட்டது. ராஜப்பா சுரங்கத்தில் பாறை துளைப்பவன். இரண்டு மாதமாக இருமல். இப்போது ரத்தமும் வருகிறது. மேஸ்திரி காதுக்கு எட்டினால் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏற்ற மாட்டான். வேலை போனால் லைன் வீடும் போகும். அதனால்தான் அந்த லைனில் எந்தப் பெண்ணும் புருஷனுக்கு இருமல் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. எனக்குத்தான் இருமுது என்று நாட்டு வைத்தியரிடம் சொல்லி மருந்து வாங்கி வருவாள், புருஷன் குடிப்பான். எல்லா வீட்டிலும் நடப்பதுதான், யாரும் பேசிக்கொள்வதில்லை.

அடுத்த தடவை வண்டி வந்தபோது கங்கம்மா பால்குடி மறக்காத பெண்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நின்றாள். ஏனோக் சொன்னது பலித்தது. பக்கத்து வீட்டு வெங்கடம்மா வந்தாள், பின்னாலேயே ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள்.

"எனக்கு இருமலுங்க. ராத்திரியில ஜாஸ்தி," என்றாள் கங்கம்மா. தண்ணி மருந்தைக் கொடுத்து ஏமாற்றிவிடப் போகிறார்களே என்று, காலையில் ராஜப்பா துப்பிய துணியையும் எடுத்து நீட்டினாள். "ரத்தங்கூட வருது, பாருங்க."

டாக்டரின் முகம் மாறியது. காதில் குழாயை மாட்டிக்கொண்டு அவள் நெஞ்சைக் காட்டி ஏதோ சொன்னார்.

"சீ! ஆம்பள கை வெக்கற எடமா அது? நல்லா கீதே நாயம்!" என்றாள். பெண்களெல்லாம் சிரித்தார்கள். அந்தக் குழாயை ஒரு நிமிஷம் வைக்க விட்டிருந்தால் அவள் நெஞ்சில் ஒன்றுமில்லை என்று அவருக்கே தெரிந்திருக்கும். விடவில்லையே, என்ன செய்வது.

டாக்டர் ஒரு புட்டி நிறைய மருந்து கொடுத்தார். அப்பாடா என்று வாங்கிக்கொண்டாள். பிறகு ஏனோக் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"ரத்தம் துப்பறவங்க லைன்ல இருக்கக் கூடாதாம் கங்கம்மா. பாலகாட்டுச் சுரங்கத்துக்கு அப்பால தனியா கொட்டாய் போட்டிருக்குது. நீ இப்பவே வண்டியில ஏறணும். கொழந்தைய விட்டுட்டு வா, அதுக்கு ஒட்டிக்கும்."

"ஐயையோ, அந்த ரத்தம் என்னுது இல்ல சாரே!"

"பின்ன யாருது?"

கங்கம்மா திரும்பி வெங்கடம்மாவைப் பார்த்தாள். வெங்கடம்மாவுக்கு எல்லாம் தெரியும். அவள் புருஷனும் இருமுகிறவன்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் ஷிப்டு முடிந்து ராஜப்பா வந்தான், கூடவே மேஸ்திரியும். கங்கம்மாவுக்குப் போன உயிர் வந்தது. குழந்தையைப் பெற்ற தகப்பன் அல்லவா, சொல்லிவிடுவான்.

"இந்த ரத்தம் ஒன் பொண்டாட்டியுதா ராஜப்பா?" என்று கேட்டான் ஏனோக்.

ராஜப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. இருமலை விழுங்கிக்கொண்டிருந்தான். மேஸ்திரியை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"ஆமா சாரே. ரொம்ப நாளா கீது. சொன்னா கேக்க மாட்டேங்கறா."

படுபாவி! கங்கம்மா கத்தியிருக்கலாம்தான். கத்தினால் சாயங்காலமே சட்டி பானை தெருவுக்கு வந்துவிடும், குழந்தையும் தெருவுக்கு வந்துவிடும். அவள் வாயை மூடிக்கொண்டது குழந்தைக்காக. இவன் எதற்காகப் பொய் சொன்னான்?

குழந்தையை வெங்கடம்மாவிடம் கொடுத்தாள். "அவங்கிட்ட மட்டும் குடுக்காத யக்கா. அவன் மூஞ்சிகிட்டகூட கொண்டு போவாத," என்றாள். வெங்கடம்மா அழுதுகொண்டே தலையாட்டினாள்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். ராஜப்பா பின்பக்கமாக வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்: "இந்தாமே. அந்தப் புட்டிய குடுத்துட்டுப் போ."

கையை வேறு நீட்டினான்.

கங்கம்மா அந்தக் கையையே பார்த்தாள். அப்புறம் தக்கையைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"நோவு என்னுதுன்னு சொன்ன இல்ல? அப்ப மருந்தும் என்னுதுதான்யா."

அவன் கண்ணெதிரே கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். வண்டிக்காரன் மாட்டைத் தட்டினான். வரிசையில் நின்ற பெண்கள் மருந்து வாங்காமலே வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.