பூசையில் வாசித்த அப்பெண்டிக்ஸ்

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சுவாமியார் அன்றைய பூசை யார் யாருக்காக என்ற ஒப்புக்கொடுத்தல் கருத்துகளை வாசித்தபோது, "அப்பெண்டிக்ஸ் சத்திரசிகிச்சை செய்து தேறிவரும் றீற்றா அன்ரனின் பூரண சுகத்துக்காக" என்றும் ஒன்று வாசித்தாராம். றீற்றா அப்போது கோயிலில் இல்லை. பிலிமத்தலாவை வாடகை வீட்டில், வலது தோள்மூட்டைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். பூசை முடிந்து வந்த புருஷன் அன்ரன்தான், ஏதோ நல்ல செய்தி கொண்டுவந்தவன் மாதிரி இதைச் சொன்னான். கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுடைய அப்பெண்டிக்சுக்கு ஒரு குறையும் இல்லை. அது இருந்த இடத்தில் சிவனே என்று இருக்கிறது. அவளுக்கு வந்தது குழாய்க் கர்ப்பம். கல்யாணமாகி ஐந்து வருசம் காத்திருந்து உண்டான பிள்ளை, கருப்பைக்குப் போய்ச் சேராமல் வழியில் குழாயிலேயே தங்கிவிட்டது. பாடசாலையில் கணக்குப் படிப்பித்துக்கொண்டு நின்றவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசையில் சாய்ந்தாள். கண்டி ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்கான் பார்த்த கையோடு ஒப்பரேசன் அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். வயிற்றைக் கிழிக்கவில்லை. தொப்புளில் ஒரு துளை, அடிவயிற்றில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. வயிற்றுக்குள் காற்றை அடித்து ஊதவைத்து, கமராவை விட்டுப் பார்த்து, குழாயையும் அதற்குள் இருந்ததையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். மற்றக் குழாய் நல்லாயிருக்கிறது, கொஞ்ச மாதம் பொறுத்துப் பிறகு பார்க்கலாம் என்றார் டொக்டர். உயிர் தப்பியதே பெரிய காரியம் என்றும் சொன்னார். எல்லாம் சரிதான். பிள்ளையைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அப்பெண்டிக்ஸ் என்பது மாமி திரேசாவின் கண்டுபிடிப்பு. அன்ரனின் தாய். ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாமென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். வந்த பிறகு சண்டை தொடங்கி, பாதையை மூடிவிட்டார்கள். வருசம் ஒன்றாகியும் ஊர் திரும்ப வழியில்லாமல் மகன் வீட்டிலேயே இருக்கிறார். ஆஸ்பத்திரி விறாந்தையில் வைத்தே அவர் முடிவெடுத்துவிட்டார்.

"குழாய் ஒண்டை எடுத்துப்போட்டினம் எண்டு வெளியிலை தெரிஞ்சால் உன்னை என்னெண்டு சொல்லுவினம் தெரியுமோ? கனடாவிலை இருக்கிற சொந்தம் வரைக்கும் கதை போகும். நான் உனக்காகத்தான் பிள்ளை சொல்லுறன்."

அதுதான் றீற்றாவுக்குப் பொறுக்கவில்லை. மாமி கெட்ட மனுசியாக இருந்திருந்தால் ஒரு பாட்டம் சண்டை பிடித்துவிட்டு நிம்மதியாகப் படுத்திருக்கலாம். இவரோ விடிய எழும்பி, மல்லியும் மிளகும் உள்ளியும் அரைத்து, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குக்கறி காய்ச்சிக்கொண்டு வந்து கட்டிலடியில் நிற்கிறார்.

"அப்பெண்டிக்சுக்கு ஆர் மாமி சரக்குக்கறி காய்ச்சிறது?"

"வாயை மூடிக்கொண்டு சாப்பிடு."

வாயை மூடிக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. சிரித்தால் தையல் இழுத்தது, இருமினாலும் இழுத்தது, கோபப்பட்டால் இன்னும் கூடுதலாக இழுத்தது.

பார்க்க வந்தவர்கள் அவளை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். கையில் பிஸ்கட் பெட்டி, வாயில் அப்பெண்டிக்ஸ் புராணம். பக்கத்து வீட்டு மஸீனா, அலவத்துகொடக்காரி, நல்ல மனசுக்காரி, சூப்புக் கோப்பையை வைத்துவிட்டுக் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"கொய்யா வெதை முழுங்கியிருப்பீங்க டீச்சர். எங்கட சாச்சாட மகனுக்கும் இப்புடித்தான். கொய்யாவே தின்னாதீங்க இனி. அது சரி, தோள் ஏன் நோவுது?"

வயிற்றுக்குள் அடித்த காற்று மேலேறித் தோளைக் குத்துகிறது என்று டொக்டர் விளங்கப்படுத்தியிருந்தார். அதைச் சொல்லப் போனால் ஏன் காற்றடித்தார்கள் என்பதையும் சொல்லவேண்டிவரும். மாமி முந்திக்கொண்டார்.

"தலகணி சரியில்லை."

பாடசாலையிலிருந்து வந்த ஆசிரியைகள் மூன்று சின்னப் பிளாஸ்ரரைப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா, அடுத்த கிழமையே வந்துவிடலாமே என்றார்கள். காயம் சின்னதாம். அந்த மூன்று துளைக்குள்ளால் என்ன போனது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? தெரியவிட்டால்தானே. றீற்றா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்தப் பிள்ளைக்கு ஒரு பூசை. கோயிலில் நாலுபேர் கேட்க, இப்படி ஒரு பிள்ளை இருந்தது, போய்விட்டது என்று சுவாமியார் வாசிக்கவேண்டும். அதை அன்ரனிடம் சொன்னாள்.

அவன் சேர்ட் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். "அம்மா உமக்கெண்டு ஏற்கனவே ஒப்புக்குடுத்திட்டா. இனிப் போய் வேறை மாதிரிச் சொன்னால் சுவாமி என்ன நினைப்பார்?"

"கடவுளிட்டையே பொய் சொல்லியாச்சு. சுவாமி நினைக்கிறதுதான் உங்களுக்குப் பெரிசு."

"கொஞ்ச நாள் போகட்டும்" என்றான் அன்ரன். எல்லாவற்றுக்கும் அவனிடம் இருந்த மருந்து அதுதான்.

தையல் வெட்டுகிற அன்று அவனுக்கு வங்கியில் லீவு கிடைக்கவில்லை. ஹந்தானைக் கறுப்பையாவின் ஓட்டோவில் மாமியும் மருமகளும் கண்டிக்குப் போனார்கள். தையல் வெட்டி, புதுப் பிளாஸ்ரர் ஒட்டி அனுப்பினார்கள். திரும்பி வரும்போது பேராதனைப் பக்கம் சோதனைச் சாவடியில் கை காட்டி நிறுத்திவிட்டார்கள்.

கொழும்பில் கர்ப்பிணி மாதிரி வந்த ஒருத்தி குண்டோடு வெடித்த பிறகு, தமிழ்ப் பெண்ணின் வயிறு என்றால் சோதனைக்காரருக்குத் தனிக் கவனம். றீற்றாவின் வயிறு இன்னும் வற்றவில்லை. இடுப்பில் எதுவும் இறுக்க முடியாமல் தொளதொளவென்று ஒரு சட்டை போட்டிருந்தாள். மாமியின் அடையாள அட்டையிலோ யாழ்ப்பாண விலாசம். வேறென்ன வேண்டும்?

திரைச்சீலை மறைப்புக்குள் பொலிஸ்காரி ஒருத்தி நின்றாள், சின்னப் பெட்டை. றீற்றாவின் வயிற்றில் கையை வைத்துவிட்டு, பிள்ளையா என்று சிங்களத்தில் கேட்டாள். இல்லை என்றாள் றீற்றா. அவள் பேராதனைக் கம்பஸில் படித்தவள், சிங்களம் சரளமாக வரும். பின்னே என்ன என்று பொலிஸ்காரி கேட்க, சீலைக்கு வெளியிலிருந்து மாமியின் குரல் ஓடிவந்தது.

"அப்பெண்டிக்ஸ், நோனா. அப்பெண்டிக்ஸ்."

பொலிஸ்காரி சட்டையை உயர்த்திப் பார்த்தாள். தொப்புளில் ஒரு பிளாஸ்ரர், இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, சுற்றிக் கன்றிய நீலம். அவள் முகம் மாறியது. தன் வலது அடிவயிற்றைத் தொட்டுக்காட்டி, அப்பெண்டிக்ஸ் எனக்கும் வெட்டினார்கள், தழும்பு இங்கேதான் இருக்கிறது, உனக்கு மட்டும் ஏன் தொப்புளிலும் இடது பக்கத்திலும் என்று கேட்டாள். இரண்டடி பின்னுக்குப் போய், வெளியே நின்ற சார்ஜனைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரிக் காட் றீற்றாவின் பைக்குள் இருந்தது. எடுத்து நீட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் போதும். அவள் வாயைத் திறக்கவில்லை. பொய் சொன்னவரே வந்து அவிழ்க்கட்டும் என்று ஒரு வீம்பு. இது விளையாடுகிற இடமில்லை, பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனால் எப்போது விடுவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது என்பதெல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் பையைத் திறக்காமல் நின்றாள்.

சார்ஜனின் சப்பாத்துச் சத்தம் கிட்ட வந்தது. மாமி சீலையை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். அவருக்குத் தெரிந்தது மீன் விலை கேட்கிற சிங்களம். அதை வைத்துக்கொண்டு, கையைக் கும்பிட்டபடி சொன்னார்.

"நோனா, பொரு. அப்பெண்டிக்ஸ் நே. பபா ஹிட்டியா. மெருணா."

பொய். அப்பெண்டிக்ஸ் இல்லை. பிள்ளை இருந்தது. செத்துப்போனது.

பொலிஸ்காரி றீற்றாவைப் பார்த்தாள். றீற்றா தலையை ஆட்டினாள். சார்ஜனுக்கு ஒன்றுமில்லை என்று கை காட்டிவிட்டு, பொலிஸ்காரியே சட்டையை மெதுவாக இழுத்துவிட்டாள். "அனே, அக்கே" என்றாள், ஐயோ அக்கா என்று, அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்காக ஒருவர் வருந்தியது அதுதான் முதல்முறை. அதையும் சோதனைச் சாவடியில், துவக்குக்காரரிடம் வாங்கவேண்டியிருந்ததே என்று றீற்றாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

ஓட்டோ புறப்பட்டுக் கொஞ்சத் தூரம் வந்த பிறகுதான் அவளால் கதைக்க முடிந்தது.

"என்ரை வீட்டுக்குள்ளை சொல்லேலாததை அவளுக்குச் சொல்லிப்போட்டியள்."

மாமி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "அவளை இனிக் காணப்போறேல்லைத்தானே."

"நான் காணுற சனத்துக்கு நடுவிலைதான் மாமி நான் இருக்கவேணும். கொய்யா விதை எண்டு சொல்லுற ஒவ்வொருத்தருக்கும் தலையாட்டிக்கொண்டு, எவ்வளவு காலம்? பிள்ளைக்குப் பூசை ஒப்புக்குடுக்கவேணும். இண்டைக்கே."

"பேரில்லாத பிள்ளைக்கு என்னெண்டு ஒப்புக்குடுக்கிறது?"

"றீற்றாவின்ரை பிள்ளைக்கு எண்டு."

மாமி ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிலிமத்தலாவைக் கடைகள் தெரிய ஆரம்பித்ததும் முன்னுக்குக் குனிந்து, "தம்பி, கோயிலடியிலை ஒருக்கா நிப்பாட்டு" என்றார். ஓட்டோ நின்றதும் கைப்பையை இடுக்கிக்கொண்டு இறங்கினார்.

"நீ இரு பிள்ளை. இப்பத்தான் தையல் வெட்டினது, படி ஏறப்படாது. நான் போய்ச் சொல்லிப்போட்டு வாறன்."

மாமி சுவாமியாரின் அறைவீட்டுப் படிகளில் ஏறத் தொடங்கினார். றீற்றா அந்த முதுகையே பார்த்தாள். உள்ளே போய் என்ன சொல்வார்? சொன்னதாக வந்து இவளுக்குச் சொல்வார், அது வேறு.

"டீச்சர், எறங்காதீங்க" என்றார் கறுப்பையா.

அவள் ஒரு கையால் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு, மற்றக் கையால் கம்பியைப் பிடித்து இறங்கினாள்.

"இல்லை அண்ணை, நான் போகவேணும். மாமி சொல்லுறதை என்ரை காதாலை கேக்கவேணும்."