பதினொரு தோட்டத்துக்கு ஒரே குழாய்

காலை பத்தரை மணிக்குக் கள ஆய்வாளர் சொட்டுநீர்க் குழாய் மானியக் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்தை நேரில் போய்ப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. ஆறு வருடமாக அவர் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. குழாய் விற்கும் முகவர் கோப்புகளைக் கொண்டுவருவார். இவர் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவார். மதியச் சாப்பாடு முகவர் செலவு.

நான்காவது கோப்பில் பேனா நின்றது. தோட்டத்தின் புகைப்படத்தில், ஓரமாக, காது கிழிந்த நாய் ஒன்று படுத்திருந்தது. முந்தைய கோப்பிலும் அதே நாய். எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். பதினொரு விவசாயிகள், ஒரே தோட்டம், ஒரே நாய். அதில் ஒரு விவசாயி அவருடைய சொந்த அண்ணன். டவுனில் இரும்புக்கடை நடத்துபவர். அண்ணனின் நிலம் லாரி நிறுத்துமிடமாகிப் பல வருடமாகிவிட்டது; டீசல் ஊறிய அந்த மண்ணில் புல்கூட முளைக்காது.

படத்தில் தெரிந்த செல்போன் கோபுரத்தை அடையாளம் வைத்து, பைக்கில் கிளம்பினார். அந்தத் தோட்டத்தில் ஒரு பெண் குடத்தில் தண்ணீர் சுமந்து மிளகாய்ச் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இங்க குழாய் போட்டாங்களாம்மா?"

"போட்டாங்க சார். காலைல போட்டாங்க, போட்டோ புடிச்சாங்க, சாயங்காலம் சுருட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. மானியம் வந்துடுச்சுன்னு நெனச்சு எங்க வீட்டுக்காரரு அவங்களுக்கு டீயெல்லாம் வாங்கிக் குடுத்தாரு. செடிய மிதிச்சுப் போட்டதுதான் மிச்சம்."

"நீங்க மனு குடுக்கலையா?"

"மூணு வருஷமா குடுக்கறேன். நிதி தீந்துபோச்சுன்னு திருப்பி அனுப்பறாங்க. அடியில எவரோ கையெழுத்துப் போட்டிருக்காரு. அந்தப் புண்ணியவான் ஒரு தடவ வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அந்தப் புண்ணியவான் தலையைக் குனிந்துகொண்டார்.

நேராக இரும்புக்கடைக்குப் போனார்.

"வாடா, கையெழுத்து ஆச்சா?" என்றார் அண்ணன்.

"உன் நிலத்துல லாரி நிக்குதுண்ணே. சொட்டுநீர் எதுக்கு, டயருக்கா?"

"நக்கலா? எவன் அப்பன் வீட்டுப் பணம்டா? எல்லாவனும் வாங்கறான், நானும் வாங்கறேன். போன தடவ வாங்குன மானியத்துலதான உன் பொண்ணு காலேஜ் ஃபீஸ் கட்டுனேன்? அப்ப இனிச்சுது, இப்ப கசக்குதோ?"

ஆய்வாளருக்குக் கோபம் வந்தது. அண்ணன்மேல் மட்டுமல்ல, தன்மேலும். அந்தப் பணத்தில்தான் மகள் படிக்கிறாள். அதைத் தின்று செரித்த வயிறு இது.

அலுவலகம் திரும்பிப் பதினொரு கோப்புகளையும் நிராகரித்தார். ஆறு வருடமாகப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டதையும் தனித்தாளில் எழுதி மேலே அனுப்பினார்.

விசாரணை வந்தது. முகவரின் உரிமம் ரத்தானது. ஒரே மாதத்தில் மனைவி பெயரில் புது உரிமம் வாங்கிவிட்டார். ஆய்வாளரைப் பணியிடைநீக்கம் செய்தார்கள். அண்ணன் வீட்டு வாசலை அவர் மிதிக்கக் கூடாது என்று ஆனது. மிளகாய்த் தோட்டக்காரியின் மனுவுக்கு இந்த முறை வரிசையில் முதல் எண் கொடுத்தார்கள். குழாய் இன்னும் வரவில்லை.

விசாரணையின்போதே அதிகாரிக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. "ஏன்யா, கூடப்பொறந்தவர் பேரையாவது உருவிட்டு எழுதியிருக்கலாமே? உன்னையும் நீயே மாட்டிவிட்டுக்கிட்டியே!"

ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"மண்ணுல கால் வெக்காதவன் வாங்குற மானியம் ஒவ்வொண்ணும், வெயில்ல தண்ணி சுமக்கிறவ கையில இருந்து புடுங்குனது சார். புடுங்குனவன் திருடன்னா, போய்ப் பாக்காம கையெழுத்துப் போட்டுக் குடுத்த நானும் திருடன்தான். அப்படியே எழுதிக்கோங்க."