ஓர் எழுத்துக்கான இடம்

சுரங்க ரயிலின் கதவில் தோளைச் சாய்த்து நின்றபடி சோல்மி கைப்பேசித் திரையில் ஓர் எழுத்தைக் கட்டைவிரலால் மயிரிழை இடப்பக்கம் நகர்த்தினாள். சற்றுப் பார்த்தாள். விரலை எடுத்தாள். மதிப்பெண் நூறு என்று வந்தது. சில வாரங்களாகவே நூறுதான். கலைத்துப் போட்ட எழுத்துகளைத் தருவார்கள்; ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு இடம் விட்டால் கண்ணை உறுத்தாதோ அவ்வளவு விட வேண்டும். அளவுகோல் கிடையாது, கண்தான். வடிவமைப்பு வேலையில் இருப்பவர்கள் கண்ணைத் தீட்டிக்கொள்வதற்கென்றே வந்த விளையாட்டு. சுங்முரோ அச்சுக்கூடச் சந்துக்குள் இருந்த அவள் அலுவலகத்தில் எல்லோரும் கொஞ்ச நாள் ஆடிவிட்டு மறந்துபோனார்கள். அவளால்தான் விட முடியவில்லை.

கண் கூர்மையானதில் முதலில் பெருமையாக இருந்தது. பிறகு அது வேலை முடிந்தும் ஓயவில்லை என்பது தெரிந்தது. கடைப் பலகைகள், ரயில் இருக்கையில் அமர்ந்திருப்பவர்களின் முழங்கால்கள், சாப்பாட்டு மேசையில் கிம்ச்சிக் கிண்ணத்துக்கும் முள்ளங்கிக் கிண்ணத்துக்கும் நடுவிலிருக்கும் வெற்றிடம். அவள் அறியாமலே விரல் போய் எதையாவது நகர்த்தியிருக்கும். சரியான இடத்துக்கு வந்ததும் பிடரியில் ஒரு நரம்பு தளரும். நாள் முழுதும் அந்தத் தளர்ச்சிக்காகவே காத்திருப்பது போலிருந்தது.

தங்கை தாயோனின் கல்யாண அழைப்பிதழை அவள்தான் வடிவமைத்தாள். மாதிரிப் பிரதியைப் பார்க்க தாயோன் மதியம் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். காப்பியை உறிஞ்சிக்கொண்டே வாசித்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

“அக்கா, அப்பா பேருக்கு முன்னாடி என்ன இவ்ளோ எடம்?”

“எங்க?”

“எங்கயா? அப்பா ஓட்டுற பஸ்ஸையே நிறுத்தலாம் போல.”

சோல்மி பார்த்தாள். பெற்றோர் பெயர்கள் ஒரே வரியில் இருந்தன. அப்பா மா பியோங்தே, பக்கத்தில் அம்மா இம் சூனோக், அடுத்து ‘இவர்களின் இரண்டாவது மகள்’ என்று தாயோன். அவள் கண்ணுக்கு வரி அமைதியாக இருந்தது. தங்கை சொன்ன பிறகுதான் மாப்பிள்ளை வீட்டு வரியைவிட இது உள்ளே தள்ளித் தொடங்குவது தெரிந்தது.

தாயோன் உறிஞ்சுவதை நிறுத்தியிருந்தாள். “இது ‘கோ’ போடுற எடம்தானே?”

அழைப்பிதழில் இறந்துபோன தகப்பன் பெயரையும் போடுவார்கள். விட்டுவிடுவதில்லை. பெயருக்கு முன்னால், காலஞ்சென்ற என்று பொருள்படும் ‘கோ’ என்ற ஒற்றைச் சீன எழுத்தை மட்டும் சேர்த்துவிடுவார்கள்.

“பழைய கார்டு எதையாவது எடுத்து அதுலயே பேரை மாத்திட்டியா?”

“இல்லடீ. புதுசாத்தான் போட்டேன். எடமெல்லாம் நானே கண்ணால பாத்து வெச்சேன்.”

“ஒங் கண்ணுல கொள்ளிய வெக்க. ஒழுங்கா சேத்து வை. அம்மா பாத்தா மயக்கம் போட்ருவாங்க.”

தங்கை போன பிறகு சோல்மி பெயரை ஓரத்தோடு ஒட்டி நகர்த்தினாள். பிடரி இறுகியது. பல்லுக்கிடையில் மணல் அகப்பட்டது போல் வரி முழுதும் நெருடியது. பழையபடி தள்ளினாள், தளர்ந்தது. செய்யக்கூடாது என்று தெரிந்தே, போன மாதம் வேறொருவருக்குப் போட்ட அழைப்பிதழிலிருந்து அந்த ஒற்றை எழுத்தை எடுத்துக் காலி இடத்தில் வைத்தாள். எழுத்து உட்கார்ந்தது. முன்னும் பின்னும் ஒரு மயிரிழைகூட மிச்சமில்லை, குறையுமில்லை. இத்தனை அழகான வரியை அவள் இதுவரை அமைத்ததேயில்லை.

அடித்துப்பிடித்து அழித்தாள்.

அலுவலக வாசலில் பெயர்ப்பலகை அவள் செய்ததுதான். அதில் உடன் வேலை பார்த்த பீ ஜுன்சிக்கின் பெயர் மற்றவற்றிலிருந்து சற்று விலகி நின்றது. “ஏம்மா, என்னை மட்டும் தள்ளி வெச்சிருக்கீங்க, நான் குளிக்கலைன்னா?” என்று அவர் கேலி செய்தார். அடுத்த மாதமே வேலையை விட்டுப் போய்விட்டார். அப்போது அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை. இப்போது அந்தப் பலகையைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

அப்பாவைக் கைப்பேசியில் அழைத்தாள்.

“என்ன பெரியவளே, வேலை நேரத்துல? வேலையை விட்டு எடுத்துட்டானுங்களா?”

“ஒடம்பு நல்லாருக்காப்பா?”

“இப்பத்தானே கம்பெனில டெஸ்ட் எடுத்தாங்க. டாக்டரு என் ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, இப்படி ஒரு ஒடம்பு எனக்கு இருந்தா நல்லாருக்கும்னாரு. வெச்சுரு, வண்டிய எடுக்கணும்.”

பின்னால் இயந்திரம் உறுமியது. போங்சியோன் மேட்டுச் சந்துகளில் இருபது வருடமாகச் சிற்றுந்து ஓட்டுகிறவர். சோல்மி பெயரை ஓரத்தோடு ஒட்டி வைத்து, திரையைப் பார்க்காமலே சேமித்தாள்.

மறுநாள் நூடுல்ஸ் கடையில் நால்வரும் கூடினார்கள். திருத்திய பிரதியை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் காட்டிவிட்டால் அச்சுக்குப் போய்விடும். அப்பாவும் அம்மாவும் ஒரு முனை சுவரைத் தொடும் நீள்பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிரிலிருந்து பார்த்தால் இடப்பக்கம் அப்பா, வலப்பக்கம் அம்மா. சகோதரிகள் எதிரே. அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அட்டையை மூக்கருகே கொண்டுபோனார்.

“அருமையா இருக்கு. என் பேருதான் சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு. கொஞ்சம் தள்ளி வையேன், மூச்சு விட வேணாமா?”

தாயோன் அக்காவைப் பார்க்கவில்லை. நாப்கினை எடுத்து நான்காக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“அதெல்லாம் அப்படித்தான்ப்பா வரும். இப்ப ஃபேஷன்,” என்றாள் சோல்மி.

“என்னமோ போ. எம் பேரு, எனக்கே எடமில்ல.”

“ஒங்களுக்கு எவ்ளோ குடுத்தாலும் பத்தாது,” என்றாள் அம்மா. “பெஞ்சைப் பாரு, சுவத்தோரம் அத்தனை எடத்தை விட்டுட்டு எம்மேல வந்து இடிக்கிறாரு.”

“அந்தப் பக்கம் ஜில்லுன்னு இருக்குடீ.”

அப்போதுதான் சோல்மி பார்த்தாள். அவள் பார்வையின் இடக்கோடியில், சுவருக்கும் அப்பாவின் தோளுக்கும் நடுவே, ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது. அதற்கப்புறம் அப்பா, அம்மா, அட்டையில் இருந்த அதே வரிசை. வேறெங்கும் பார்க்க முயன்றாள். கண் அங்கேயே போய் நின்றது. பிடரியில் அந்த நரம்பு மெல்லத் தளர்ந்தது. அவளுக்கு அழுகை வந்தது.

“அப்பா, சுவத்தோட ஒட்டி உக்காருங்களேன்.”

“ஏன்?”

அப்பா சிரித்துக்கொண்டே அட்டையை மறுபடி கையிலெடுத்தார். நகரவில்லை.

பரிமாறுகிற பெண் தட்டில் தண்ணீர்க் குவளைகளோடு வந்தாள். வேறு மேசைக்காரர் யாருக்கோ பதில் சொல்லியபடி பார்க்காமலே ஒவ்வொன்றாக வைத்தாள். அம்மா முன்னால் ஒன்று. அப்பா முன்னால் ஒன்று. காலி இடத்துக்கு நேராக ஒன்று. பிறகு இந்தப் பக்கம் இரண்டு.

யாரும் கவனிக்கவில்லை. அதை எடுத்துவிட சோல்மி கையை நீட்டினாள். விரல்கள் குளிர்ந்த குவளையைத் தொட்டன. எடுக்கவில்லை. அதைச் சுவர்ப் பக்கமாக மயிரிழை நகர்த்திவிட்டு அங்கேயே நின்றன.