சரிவில் ஏறாத வழிகாட்டி

மிச்சம் என்ற ஊரில், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று பேர் இருந்தார்கள். யன்னலோரம் பேனையுடன் குகநாதன், எதிரே மனைவி ஜெயகௌரி, குசினிப் பக்கம் அவளுடைய தம்பி தவநேசன். சுவீடன் மலையில் ஸ்னோமொபைல் என்ற பனிவண்டி ஓட்டிவிட்டுப் போன கிழமைதான் திரும்பியிருந்தார்கள்.

வழிகாட்டியாக வந்த இங்ரித்தை வேலையிலிருந்து நிற்பாட்டச் சொல்லி, குகநாதன் அவளுடைய கம்பனிக்கு முறைப்பாடு எழுதிக்கொண்டிருந்தார். சரிவில் ஜெயகௌரியின் வண்டி பனியில் புதைந்தபோது இங்ரித் கீழேயே நின்றாள். உதவிக்கு ஏறிய குகநாதனையும் தவநேசனையும் ஏசியும் விட்டாள்.

யார் எங்கே நின்றது என்பதைச் சரியாக எழுதவேண்டுமென்று குகநாதன் மேசையில் அடுக்கிப் பார்த்தார். சீனிப் போத்தல் ஜெயகௌரி. அதை ஒட்டி இரண்டு தேத்தண்ணிக் கோப்பைகள், அவரும் தவநேசனும். தூரத்தில் உப்புப் போத்தல், இங்ரித்.

"இஞ்சேருங்கோ, சரிவில ஒரு நேரத்தில ஒராள்தான், பாரம் கூடினா பனி சரிஞ்சு மூடிப்போடும் எண்டு அந்தப் பிள்ளை காலமையே சொன்னதெல்லே?" என்றாள் ஜெயகௌரி. "நானும் வராதேங்கோ எண்டு கை காட்டினனான். நீங்கள் திருப்பி டாட்டா காட்டிக்கொண்டு வந்தனீங்கள்."

"அத்தான் ஓடினார், நானும் ஓடினன்," என்றான் தவநேசன்.

"நீ பேசாமல் இரடா," என்றார் குகநாதன்.

குகநாதன் மறுபடி மேசையைப் பார்த்தார். மூன்று பேரையும் பனி மூடியிருந்தால், தோண்டி எடுக்க மிஞ்சியிருப்பது அந்த உப்புப் போத்தல் மட்டுந்தான்.

எழுதியதைக் கிழித்துப் புதுத் தாள் எடுத்தார். 'உங்கள் வழிகாட்டி செய்ததே சரி. சொல்லுக் கேளாதவர்கள் நாங்கள் இருவரும்' என்று எழுதி, உறையிலிட்டு, முத்திரை ஒட்டி, தானே நடந்துபோய்த் தபால்பெட்டியில் போட்டார்.